உரிமை ஏட்டில், பள்ளி யார் நிலத்தில்?

மொழிக்கு உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்மொழியைத் தேசிய மொழியாக நிறுவுகிறது. பிறமொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்றும் அப்பிரிவே உறுதி கூறுகிறது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை எனத் தொடுக்கப்பட்ட வழக்கை உயர்நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023இல் அத்தீர்ப்பையே நிலைநிறுத்தியது.

இவ்வெற்றியைக் கொண்டாடுவோர் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களையும் எண்ணிப் பார்த்தல் நன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன; அடிநிலமோ தோட்ட நிருவாகத்தின் உடைமையாகவே நின்றது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணம் பெயர்ந்தனர். நிலம் கைமாறுந்தோறும் ஆட்டங்கண்டது பள்ளியன்றோ? பிறர் நிலத்தில் நிற்பதனாலேயே பல பள்ளிகள் முழு உதவி பெறவியலாமல் பகுதி உதவியோடு காலந்தள்ளின.

கல்வி கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநிலத்தின் அதிகாரம். இவ்விரண்டுக்கும் இடையே தமிழ்ப்பள்ளி அலைக்கழிவதா? மொழிக்காக்கம் மாநிலத்தின் வேலையன்று என்போர் 152ஆம் பிரிவை முற்றும் படித்தாரல்லர். பிற சமூகங்களின் மொழிகளைப் பேணி நிலைபெறச் செய்யும் உரிமை கூட்டரசுக்கு மட்டுமன்றி மாநில அரசுகளுக்கும் உண்டென்பதை அப்பிரிவே தெளிவுறச் சொல்கிறது. சரவாக் மாநிலம் 2015இல் மலாயோடு ஆங்கிலத்தையும் தன் நிருவாக மொழியாக அறிவித்தது. அம்மாநிலத்திற்கு அரசமைப்பில் தனியேற்பாடு உண்டு, சிலாங்கூருக்கு இல்லை. ஆனால் சிலாங்கூர்த் தமிழர் கேட்பது ஆட்சிமொழித் தகுதியா? பள்ளி நிற்கும் நிலத்திற்கு ஒரு பட்டா, அவ்வளவே.

மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு நிதி வழங்கி வந்துள்ளது, அது நன்றிக்குரியது. எனினும் மானியம் ஆட்சியாளரின் மனத்தைப் பொறுத்தது. பட்டாவோ சட்டத்தைப் பொறுத்தது. கூரையைச் செப்பனிடப் பணந்தந்துவிட்டு, அடிமண்ணைப் பிறர் கையில் விட்டுவைப்பது பாதுகாப்பாகுமா?

தமிழர்தம் கடமையும் இதில் உண்டு. மேடையில் தமிழ் வாழ்க என முழங்குவது எளிது. நில அலுவலகத்தின் படியேறுவதே அரிது. ஒவ்வொரு பள்ளி வாரியமும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தம் பள்ளியின் நிலம் யார் பெயரில் உள்ளதென்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அறிந்தபின் எழுத்து வழியே கேட்டல் வேண்டும். கிடைக்குமட்டும் ஓயாதிருத்தல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் 152ஆம் பிரிவை மனப்பாடம் செய்து பயனில்லை. அதனை மாநில அரசின் முன்வைத்து, தம் பள்ளிக்குரிய நிலத்தைக் கேட்டுப் பெறுதலே பயன்.