குற்றம் சாட்டாத கடிதம்

உடன்பிறந்தோர் மனத்தாங்கலால் பேச்சற்றிருக்கும் இல்லங்கள் பல. அவர்கள் அறியவேண்டிய கதையொன்றை ஆங்கில நாவலாசிரியர் ஆர்னால்டு பென்னெட் 1908-இல் வெளியிட்டார். ‘தி ஓல்டு ஒய்வ்ஸ் டேல்’ என்பது அதன் பெயர்.

இங்கிலாந்தின் சிறு நகரொன்றில் ஜவுளிக்கடைக்காரரின் புதல்வியர் கான்ஸ்டன்ஸ், சோபியா. இளையவள் சோபியா விற்பனைப் பிரதிநிதி ஒருவனை நம்பி, வீட்டாரறியாமல் வெளியேறிப் பாரிஸ் செல்கிறாள். கணவன் கைவிடவே, தன் உழைப்பால் விடுதி நடத்தி உயர்கிறாள். எனினும் தன்மானம் தடுக்க, ஊர் திரும்பவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிகின்றன.

தங்கை இருக்குமிடம் தற்செயலாய்த் தெரிந்ததும், கைம்பெண்ணாகிவிட்ட அக்காள் கடிதம் எழுதுகிறாள். அதில் பழிச்சொல் ஒன்றேனும் இல்லை. வரவேண்டும் என்ற அன்பழைப்பே இருக்கிறது. கல்லாய் இறுகிய சோபியாவின் உள்ளம் கரைகிறது.

கூடி வாழ்ந்தபோதும் உரசல் ஒழியவில்லை. பழைய வீட்டைவிட்டு வேறிடம் போவோம் என்கிறாள் தங்கை; அக்காள் அசையவில்லை. ஆயினும் சோபியாவின் மரணம்வரை இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர்.

முதலில் எழுதியவள், பிரிந்து சென்றவள் அல்லள், விட்டுச்செல்லப்பட்டவளே. வழக்குத் தீர்ந்தபின் உறவாடுவோம் எனக் காத்திருப்போர் இதனை எண்ணிப்பார்ப்பார்களாக. கணக்குத் தீருமுன் ஆயுள் தீர்ந்துவிடக்கூடும்.