சொந்த ரெப்போ சர்வர் ஆபத்தா?

சொந்த சர்வரில் ஒரு கிட் ரெப்போ அமைக்க ஒரு லினக்ஸ் இயந்திரமும் அரை மணி நேரமும் போதும். இது தெரிந்தவர்கள் நிறைந்த சென்னை ஓ.எம்.ஆரிலேயே, கோடு வெளியே ஒரு பெரிய நிறுவனத்திடம் இருந்தால்தான் பத்திரம் என்ற நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. அண்மையில் பெருங்குடியில் ஒரு சிறு நிறுவனம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தன் சர்வரை இந்த ஒரே காரணம் சொல்லி மூடியது.

பிறர் கோடைச் சேமித்துத் தந்த கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தையும் இப்படி நம்பித்தான் பலர் பணம் கட்டினார்கள். 2014 ஜூனில் அதன் அமேசான் கிளவுட் கணக்குக்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டு மிரட்டினார். கணக்கை மீட்க முயன்றதும் டேட்டாவை அழித்தார். பேக்கப்பிலும் பெரும்பகுதி போயிற்று. சுமார் 12 மணி நேரத்தில் நிறுவனமே முடிந்தது.

சொந்த ஏற்பாட்டில் மர்மம் ஏதுமில்லை. சர்வரில் ‘கிட்’ என்று ஒரு பயனர் கணக்கு. அதில் வேலை செய்பவர்களின் எஸ்.எஸ்.எச். பொதுச் சாவிகள். ‘கிட் இனிட்’ கட்டளையை ‘பேர்’ ஆப்ஷனோடு ஓட்டினால் ரெப்போ தயார். அந்தக் கணக்கின் ஷெல்லை ‘கிட்-ஷெல்’ ஆக்கிவிட்டால் சாவி வைத்திருப்பவர் புஷ், புல் செய்யலாம். சர்வருக்குள் உலவ முடியாது. இதற்கா பயம்?

உடனே 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைக் காட்டுவார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதியில் அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் முழு குளோன் ஒவ்வொன்றிலும் மொத்த வரலாறும் உண்டு. சர்வர் மூழ்கினாலும், புஷ் ஆன வேலை, புஷ் செய்தவரின் லேப்டாப்பிலும் அதன் பிறகு புல் செய்தவர்களின் லேப்டாப்பிலும் இருக்கும். கோட் ஸ்பேசஸை மூழ்கடித்தது வெள்ளமல்ல, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்தது. வெளியாரை நம்பியிருப்பதன் ஆபத்து புதிதல்ல. லினக்ஸ் கோடை நிர்வகிக்கப் பயன்பட்ட பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதால்தான் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டையே எழுதினார். 2014 டிசம்பரில் மத்திய அரசு 32 இணைய முகவரிகளை முடக்கியபோது கிட்ஹப்பின் கோடு பகிரும் சேவையான ஜிஸ்ட்டும் பட்டியலில் இருந்தது.

பேக்கப்பை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. வேறு ஊரில், வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில் ஒரு மிரர் தேவை. கோட் ஸ்பேசஸ் தவறியது இங்கேதான். தினமும் இரவில் கிரான் அதைப் புதுப்பிக்கட்டும். மாதம் ஒருமுறை மிரரிலிருந்து புதிய குளோன் எடுத்து, ‘கிட் எஃப்.எஸ்.சி.கே.’ ஓட்டிப் பழுது உண்டா என்று சோதித்து, அந்தக் கோடு பில்ட் ஆகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.