இன்ஜின் அறையில் தண்ணீர்: விசைப்படகில் ஓர் அலாரம் ஏன் கட்டாயமாக வேண்டும்?

'நடுக்கடலில் பலகை உடைந்து விசைப்படகு மூழ்கியது. மீனவர்கள் சக படகில் மீட்பு.' தமிழகக் கடலோர மாவட்டங்களில் இருந்து அடிக்கடி வரும் செய்தி இது. உயிர்ச்சேதம் இல்லை என்றதும் படிப்பவர் நிம்மதியாக அடுத்த செய்திக்கு ஸ்க்ரோல் செய்துவிடுவார். ஆனால், அந்தப் படகுக்குள் தண்ணீர் எப்போது வர ஆரம்பித்தது, அது யாருக்கும் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

படகு மூழ்குவதற்கு முன்பே மூழ்குவது அதன் இன்ஜின் அறைதான். அங்கே கவனம் இருந்தால் பல படகுகள் கரை சேரும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இன்ஜின் அறை படகின் அடிப்பகுதியில், மூடிபோட்டு இருக்கும். இன்ஜின் ஓடும்போது அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அடிப்பலகையில் மனிதர்களே போட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே போகும் வழி ஒன்று. இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் குழாய் இன்னொன்று.

ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் 'கிளாண்ட்' இருக்கும். அதற்குள் கயிறு போன்ற பேக்கிங்கைச் சுற்றித் திணித்து, நட்டை இறுக்கித் தண்ணீரைத் தடுப்பார்கள். பேக்கிங் வைத்த பழைய முறையில், ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு ஒழுகத்தான் வேண்டும். அந்தச் சொட்டுகள்தான் அதைக் குளிர்விக்கின்றன. ஒழுகுதே என்று நட்டை ஒரேயடியாக முறுக்கினால், பேக்கிங் சூடேறிக் கருகும், ஷாஃப்ட்டும் தேயும். அப்புறம் ஒழுகல் இன்னும் அதிகமாகும்.

சிக்கல் இங்கேதான். 'கொஞ்சம் ஒழுகினால் தப்பில்லை' என்ற உண்மையே, 'ஒழுகினால் ஒழுகட்டும்' என்ற பழக்கமாக மாறிவிடுகிறது. சொட்டு எப்போது தாரையானது என்று யாரும் பார்ப்பதில்லை.

எந்த ஓட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அடியில் தேங்கிய தண்ணீரை முழுதாக இறைத்துத் துடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்த தரையில்தான் புது ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

படகு துறைமுகத்தில் சும்மா நிற்கும்போதும் தண்ணீர் ஏறுகிறதா? அப்படியென்றால் பலகை இடுக்கு, வால்வு, கிளாண்ட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஏறுகிறதா? அப்போது குளிர்விக்கும் குழாய், அதன் பம்ப், ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். குளிர்நீர்க் குழாய் வெடித்தால், இன்ஜினில் ஓடும் பம்ப்பே கடல்நீரைப் படகுக்குள் இறைத்துக்கொண்டிருக்கும்.

வந்திருப்பது உப்புநீர் இல்லையென்றால் மழைநீர், ஐஸ் உருகிய நீர், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைப் பார்க்கலாம்.

எவ்வளவு வேகமாக நிரம்பும்?

நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே, 1 அங்குல விட்டத்தில் ஒரு ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். 200 லிட்டர் டிரம் நாலு நிமிடம்கூட ஆகாமல் நிரம்பிவிடும் வேகம் இது. ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்னுக்கு மேல். ஓட்டை 2 அங்குலமானால் அளவு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு.

பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இருப்பது இதே அறையில்தான். அவை நனைந்துவிட்டால், பேட்டரியை நம்பி இருக்கும் பம்ப்பும் வயர்லெஸ்ஸும் கூடவே செத்துவிடும். உதவி கேட்க வேண்டிய நேரத்தில் கையில் இருக்கும் கருவிதான் முதலில் போகிறது.

பம்ப் இருந்தால் போதாதா?

போதாது. தண்ணீர் ஏறியதும் தானே ஓடும் பம்ப் நல்லதுதான். ஆனால், அது ஒழுகலை மறைத்தும்விடும். நேற்று இரண்டு தடவை ஓடிய பம்ப் இன்று இருபது தடவை ஓடினால், அது யாருக்காவது தெரிய வேண்டாமா? மிதவை சுவிட்சில் மணியும் விளக்கும் இணைத்து, டிரைவர் நிற்கும் இடத்தில் வைத்தால் தெரிந்துவிடும். இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. மிதவை, வயர், மணி, அவ்வளவுதான்.

'மரப்படகில் எப்பவும் கொஞ்சம் தண்ணி கிடக்கும், மணி அடிச்சுக்கிட்டே இருக்குமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பம்ப்புக்கான மிதவையைக் கீழேயும், மணிக்கான மிதவையை ஒரு சாண் உயரத்திலும் வைத்தால் தீர்ந்தது. பம்ப் தோற்றுப்போனால் மட்டுமே மணி அடிக்கும்.

கடலில் நடந்துவிட்டால்?

முதலில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். வயர்லெஸ்ஸில் 16-வது சேனலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையும் அழைக்கலாம். 'முதலில் நாமே பார்ப்போம்' என்று காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. அப்புறம் கடல்நீர் வால்வை மூட வேண்டும். அது குளிர்நீர் வால்வு என்றால் இன்ஜினையும் நிறுத்தியாக வேண்டும். ஓட்டை தெரிந்தால் துணி சுற்றிய மர ஆப்பை அடித்து இறுக்கலாம். முழுதாக அடைபடாவிட்டாலும், வரத்து பாதியானால்கூட பம்ப் சமாளிக்க வாய்ப்புண்டு.

யார் செய்ய வேண்டும்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும், மீன்வளத் துறை ஆய்வு செய்வதும் இந்தக் காலத்தில்தான். இரண்டு அங்குல மிதவை சுவிட்சையும் மணியையும் அந்த ஆய்வுப் பட்டியலில் கட்டாயமாக்குவதே சரி. டிரைவர் அறையில் உயரத்தில் வயர்லெஸ்ஸுக்குத் தனி பேட்டரி, ஓட்டைக்கு ஏற்ற மர ஆப்புகள், புதுப் பேக்கிங் ஆகியவையும் அதில் சேர வேண்டும்.

செலவு உரிமையாளருக்குச் சுமைதான். டீசல் விலையும் வலை விலையும் ஏற்கெனவே அழுத்துகின்றன. அதனால் மானியம் கேட்பதில் தவறில்லை. ஆனால், மூழ்கிய படகை மீட்கும் செலவோடு ஒப்பிட்டால் மணியின் விலை ஒன்றுமே இல்லை. பழுதுபார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் கரையில் இருக்கிறார், அதன் விளைவைச் சுமப்பவர்கள் கடலில் இருக்கிறார்கள். விதி தேவைப்படுவது இந்த இடைவெளிக்காகத்தான்.

விதி வரும்வரை ஒரு பழக்கம் போதும். கடலுக்குக் கிளம்பும் முன்பும், ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்தும், ஒருவர் இன்ஜின் அறை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.