மனு எழுதியவர்கள்

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

பட்டிமன்ற மேடைகளில் நம் நண்பர்கள் அடிக்கடி எய்யும் கணை ஒன்று உண்டு. திலகரும் வ.உ.சி.யும் தலையெடுக்கும் வரை காங்கிரசார் வெள்ளையனிடம் மனுப் போட்டுப் பிச்சை கேட்டவர்களே என்பது அது. பலத்த கைதட்டலும் கிடைக்கிறது. அந்தக் கைதட்டலில் என்னால் சேர இயலவில்லை. ஓர் ஆட்சியின் குடிகளாக வாழப் பழகிவிட்ட மக்கள் எடுத்த எடுப்பில் விடுதலை கேட்பதில்லை. (கட்டபொம்மனும் மருதிருவரும் வேறு, அவர்கள் தம் ஆட்சியை விட்டுக்கொடுக்க மறுத்தவர்கள்.) எழுதிய மனு குப்பைக்கூடைக்குப் போவதைக் கண்ட பிறகே அந்தச் சொல் வாயில் வருகிறது என்பது என் கருத்து.

அமெரிக்கக் குடியேற்றக்காரர்களையே பாருங்கள். 1765இல் முத்திரைச் சட்டம் வந்தபோது அவர்கள் தம்மை ஆங்கிலேயர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டிருந்தவர்கள். தம் பிரதிநிதிகள் இல்லாத பாராளுமன்றம் தமக்கு வரி விதிக்கலாகாது என்றுதான் வாதிட்டார்கள். அது ஆங்கிலேயனின் உரிமை வாதம். பின்னர்த் தேயிலைத் தகராறு வந்தது. அது யாருடைய தேயிலை? 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றதே, அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை! சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடம் சாலையில் போகும்போது இருபுறமும் நாம் காணும் மண் அந்த ஜாகீர் மண்தான். நம்மவரிடம் நிலவரி வாங்கியும் கடனில் மூழ்கிய கம்பெனியைக் கரையேற்ற, தேங்கிய தேயிலையை அமெரிக்காவில் தள்ள 1773இல் சட்டம் செய்தார்கள். டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் விழுந்தன.

அடுத்த மாதமே பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் பிரிவி கவுன்சில் முன் நின்றார். தங்கள் கவர்னரை நீக்கக் கோரிய மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் மனுவுக்காக அவர் வந்திருந்தார். மனுவை விட்டுவிட்டு அரசு வழக்கறிஞர் அவரையே ஒரு மணி நேரம் வசைபாடினார், பெரியவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகும், 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் இரத்தம் சிந்திய பிறகும்கூட, ஜூலையில் மன்னருக்குப் பணிவான மனு ஒன்று போயிற்று. மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்து, மனுப் போட்டவர்களைக் கலகக்காரர் என்று அறிவித்தார். மறு ஆண்டு ஜூலை 4இல் விடுதலைப் பிரகடனம் பிறந்தது. கையொப்பமிட்டவர்களில் பிராங்க்ளினும் ஒருவர். (அந்த விடுதலையில் கறுப்பு அடிமைகளுக்கும் மண்ணின் பூர்வ குடிகளுக்கும் பங்கில்லை என்பதையும் மறத்தலாகாது.)

அவர்களுக்குப் பதினொரு ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. நமக்கு மட்டும் ஏன் முக்கால் நூற்றாண்டு? அவர்களிடம் தாமே தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள் முன்பே இருந்தன. பறிபோவது இன்னது என்று கண்ணுக்குத் தெரிந்தது. நம்மிடம் பறிப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. குறைகளைத் திரட்டவும், கணக்கெடுக்கவும், கையொப்பம் வாங்கவும் நாம் மனு எழுதித்தான் கற்றுக்கொண்டோம்.

சென்னையில் அதைத் தொடங்கியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவிப் பாராளுமன்றத்திற்கு மனு அனுப்பினார். நிலவரி வாங்கக் குடியானவனின் விரல்களைக் கிட்டியில் நெரிப்பதும், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பதும் வெளியுலகுக்குத் தெரிந்தன. விசாரணைக் குழு அமைந்தது. சித்திரவதை உண்மையே என்று 1855இல் அது அறிக்கை தந்தது. ஆனால் பழியை உள்நாட்டுச் சிப்பந்திகள் தலையில் சுமத்தி, வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது! பாதி வெற்றிதான். ஆயினும் அந்தப் பாதி வெற்றிதான் அடுத்த தலைமுறையை மனுவை நம்ப வைத்தது என்பேன்.

அந்தத் தலைமுறையின் தலைமகன் ஜி. சுப்பிரமணிய ஐயர். முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயரின் ஏடுகள் இகழ்ந்ததால் 1878இல் 'தி இந்து'வையும், பின் 1882இல் 'சுதேசமித்திர'னையும் தொடங்கியவர். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசின் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஓர் அரச குழு வேண்டும் என்பதே அத்தீர்மானம். எவ்வளவு அடக்கமான வேண்டுகோள்! அதே மனிதரை 1908இல் அரசு இராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. விசாரணை கேட்டவரையே குற்றவாளியாக்கிய அரசை இனி எந்த மனுவால் திருத்துவது?

அதே 1908இல் வ.உ.சி. அவர்களின் கதையும் நடந்தது. 1906இல் அவர் தொடங்கியது முறைப்படி பதிவு செய்த ஒரு கப்பல் கம்பெனி. வெள்ளையர் கம்பெனியோ கட்டணத்தை அடிமட்டத்திற்குக் குறைத்துப் போட்டியிட்டது. பின்பு இராஜத்துரோக வழக்கில் அவருக்கு விதித்த தண்டனை நாற்பது ஆண்டுகள். மேல் முறையீட்டில் குறைந்தது. சட்டத்திற்கு உட்பட்ட வணிகத்திற்கும் இடமில்லை என்பதைத் தூத்துக்குடி அன்று கண்டுகொண்டது.

1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் முழு விடுதலையே இலட்சியம் என்று தீர்மானித்தது. ஈராண்டு கழித்து லாகூர் அதை உறுதி செய்தது. அப்போதும் காந்தியடிகள் 1930 மார்ச் 2இல் வைசிராய் இர்வினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிவிட்டுத்தான் தண்டிக்குப் புறப்பட்டார். வைசிராயின் செயலாளரிடமிருந்து நாலு வரிப் பதில் வந்தது. ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தார்.

அதே ஆண்டு ஜனவரி 26இல் நாடெங்கும் எடுத்துக்கொண்ட விடுதலை உறுதிமொழியை நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டும். உப்பு வரியோடு, குடியானவனிடம் வாங்கும் நிலவரியும் அதில் ஒரு குறையாக இடம்பெற்றிருக்கிறது. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் லட்சுமிநரசு செட்டியார் மனுவில் எழுதி அனுப்பிய அதே நிலவரி.