நமக்குத் தெரிந்த கழிவு



கழிவு என்றால் நமக்கு நன்றாகத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, முத்தல் இலைக்கு ஒரு கழிவு. இன்னொரு கழிவையும் சிலர் கேட்கிறார்கள். கண்ணாடி வாங்கினால், பல் கட்டினால், தனியார் ஆஸ்பத்திரியில் ஒபரேசன் செய்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துத் தர வேண்டுமாம். கேட்கட்டும். ஆனால் அது எல்லா உழைப்பாளிகளுக்கும் நன்மை என்று நமது பேரையும் சேர்த்துச் சொன்னால், அங்கே நாம் மறித்துக் கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கழிவு புதிதல்ல. 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்ததுதான். மருத்துவச் செலவு, மருத்துவக் காப்புறுதிக் கட்டணம், வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றைக் காட்டி வருடத்துக்கு 12 இலட்சம் ரூபா வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்போது வருடம் 30 இலட்சம் வரைக்கும் வருமான வரியே கிடையாது. ஆக, மாதம் இரண்டரை இலட்சத்துக்கு மேல் சம்பாதித்தவருக்குத்தான் கழிப்பதற்கு வரி என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு நமது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 1,000 ரூபா 2021 மார்ச்சில்தான் வந்தது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2022 முடிவோடு அந்த மருத்துவக் கழிவு நீக்கப்பட்டது. வந்ததும் லயத்துக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். நாட்சம்பளத்தையும் கொடுப்பனவையும் கூட்டி 1,750 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளும் முழுப் பேர் விழுந்ததாகவும் வைத்துக்கொள்வோம். (எந்தத் தோட்டத்தில் என்று கேட்காதீர்கள்.) வருடத்துக்கு 525,000 ரூபா. கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்தாலும் 1,050,000. வருமான வரி தொடங்குவதோ 1,800,000 ரூபாவுக்கு மேலே. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

கழிவு என்பதே மேலே போகப் போகப் பெருக்கும் சாமான். 36 வீத வரி கட்டுகிறவர் 50,000 ரூபாவுக்குக் கண்ணாடி வாங்கினால் 18,000 ரூபா மிச்சம். 6 வீதம் கட்டுகிறவருக்கு 3,000. கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு சதமும் இல்லை.

"வரி கட்டாதவர்களுக்குச் சலுகை எதற்கு" என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். சவர்க்காரக் கட்டியிலும் போனுக்குப் போடும் ரீலோடிலும் அது இருக்கிறது. துரையும் அதே 18, நாமும் அதே 18.

2023 இல் வரிச் சுமைக்கு எதிராக டொக்டர்மாரும் வங்கி ஊழியரும் விரிவுரையாளரும் தெருவுக்கு இறங்கினார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. நம்மில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களுக்குக்கூட அக்ரஹார காப்புறுதி உண்டு. அதே பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மாவுக்கு என்ன உண்டு?

நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரும். அது நோய்கூட அல்ல, வயது. கிட்டத்தில் இருப்பது மங்கும். இரண்டு இலையும் மொட்டும் எது, முத்தல் எது என்று கையைத்தான் நம்ப வேண்டும். நிறை குறைந்தால் அரைப் பேர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018 இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே இலவசக் கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் எடுத்த கொழுந்து மற்றவர்களை விட 21.7 வீதம் அதிகமாகக் கூடியது. அதை இங்கே போட்டுப் பார்த்தால் 18 கிலோ எடுப்பவர் கிட்டத்தட்ட 22 கிலோ எடுப்பார். அந்த நாலு கிலோவைக் கண்ணுக்குத் தெரியாத குற்றத்துக்காக இத்தனை வருடமாக நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே கொழுந்து எடுப்பவருக்குக் கண்ணாடியும் கத்தரி, கவ்வாத்துக் கத்தி போல ஒரு தொழிற்கருவிதான். கருவியைக் கம்பனிதான் தர வேண்டும். அதற்கு ஆகும் பணத்தை வியாபாரச் செலவாகக் காட்டித் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள கம்பனிக்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. புதிய சலுகை எதுவும் தேவையில்லை. நாம் கேட்பது இதுதான்: 40 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு முறை தோட்டத்திலேயே கண் பரிசோதனை, அன்றைக்கு முழுப் பேர், தேவைப்பட்டால் கண்ணாடி. இதோடு இன்னொரு வரியையும் எழுத்தில் வாங்க வேண்டும்: கண்ணாடி தந்ததைக் காரணம் காட்டி நாள் நிறையைக் கூட்டக்கூடாது. கம்பனிகளை நமக்குத் தெரியாதா?

அதுவரை கையில் இருப்பதை விடாதீர்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, தொழில் வழங்குநர் 3 வீதம் கட்டுகிறார். நம் சம்பளத்தில் பிடிப்பதல்ல அது. கண்புரை ஒபரேசனுக்கு லென்ஸ் வாங்கினால் அந்த நிதியத்திடம் உதவி கேட்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். கைக்காசுக்கும் பங்குத் தோட்டத்துக்கும் தள்ளப்பட்டவர்கள் தங்கள் பேரில் பணம் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால், போகும் லென்ஸும் அதோடு போகும்.

லென்ஸ் பற்றுச்சீட்டு, வைத்தியசாலைத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். படிவத்தை நாம் சேர்ந்து நிரப்புவோம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊசியில் நூல் கோர்க்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு டிவிசனிலும் பேர் எழுதி அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அந்தப் பட்டியலை வைப்போம்.