செங்கல்பட்டு காலி செய்த இடத்தில் யாருடைய பெயர்?

குழந்தை பிறந்த வீட்டில் பெயர் தேடுவது மகிழ்ச்சியான வேலை. தாத்தா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார், கடைசியில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பெயர் முடிவாகும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். படிவத்தில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நம் வீட்டில் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும்.

முன்பெல்லாம் அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிடலாம். இப்போது முடிவதில்லை. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தர மாட்டோம் என்றது ஐக்கிய அரபு அமீரகம். கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை எழுந்து நிற்கும் அடுக்ககங்களில் வாழும் இளம் பெற்றோருக்கு இது அன்றாடக் கவலை. அப்போதுதான் யாராவது ஒரு உறவினர் வாய் திறப்பார்: "வடநாட்டுக்காரன் எல்லாம் வைச்சிருக்கான், நாமளும் நம்ம பட்டத்தைப் போட்டுட்டா என்ன? பேருக்கும் எடுப்பா இருக்குமே!"

தோழர்களே, அந்தக் கட்டம் நம்மிடம் ஏன் காலியாக இருக்கிறது? தமிழனுக்குக் குடும்பப்பெயர் வைக்கத் தெரியாததால் அல்ல. அங்கே இருந்ததை நம் முன்னோர் எடுத்து எறிந்தார்கள். எறிந்த இடங்களில் முதன்மையானது இதே செங்கல்பட்டு.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அதுவரை நாடார் என்ற பட்டத்தோடு அறியப்பட்டவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் கிடையாது என்று நின்றவர். மாநாட்டுக்கு ஓராண்டு முன்பே, 1927 டிசம்பரில், 'குடிஅரசு' இதழில் தன் பெயரோடு இருந்த நாயக்கர் பட்டத்தைப் பெரியார் நீக்கியிருந்தார். தாங்கள் உதறியதைத்தான் அவர்கள் ஊரை உதறச் சொன்னார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். இதே செங்கல்பட்டு மண்ணில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் தொடங்கிய தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தாரே, அது சாதிப் பெயர் இல்லையா? சாதிப் பெயர்தான். ஆனால் மிதிபட்டவன் தன் மேல் எறியப்பட்ட சொல்லை எடுத்து நிமிர்ந்து நின்று திருப்பிச் சொல்வது வேறு. மிதித்தவன் தன் பெயருக்கு வாலாகக் கட்டிக்கொண்டு, எதிரே வருபவன் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து பார்ப்பது வேறு. முன்னது வழக்குரைப்பது. பின்னது அதிகாரம் காட்டுவது. பட்டத்தை விடுங்கள் என்று செங்கல்பட்டு கேட்டது இந்த இரண்டாவது ஆளைப் பார்த்துத்தான்.

அவர் பெயரில் இன்னொரு செய்தியும் உண்டு. இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர். சாதி வால் போன பிறகு நம் பெயர்களில் மிஞ்சியதும் அதுதான்: தந்தை, அல்லது ஊரும் தந்தையும். அம்மா எங்கே?

செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. பெண்ணுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றையும் அது பேசியது. சாதியைக் காப்பாற்றும் வேலி பெண்ணின் மீதுதான் போடப்படுகிறது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. ஆனால் அந்த மாநாடு காலி செய்த இடத்தில் நாம் அப்பாவை மட்டும் உட்கார வைத்துவிட்டோம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் மீன்கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளின் சான்றிதழில் அவர்களுடைய ஓர் எழுத்துகூட முன்னால் நிற்பதில்லை.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, காப்பாளராக அம்மாவின் கையெழுத்து செல்லாது என்று சொல்லப்பட்டதை எதிர்த்து எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்குத் தொடுத்தார். தந்தை இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 1999 பிப்ரவரி 17. செங்கல்பட்டு மாநாடு தொடங்கி அன்றோடு சரியாக 70 ஆண்டுகள். மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. கணவரை இழந்த தாய்க்குத் தன் குழந்தையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டாகிவிட்டது. யாருடைய எழுத்து என்பதையும் கேட்போமே.

நாம் சொல்லும் வழி எளிது. குழந்தையின் பெயர், அடுத்து அம்மாவின் பெயர், அதற்கடுத்து அப்பாவின் பெயர். யாழினி மலர்விழி செந்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் ம.செ. யாழினி. மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது, சாதி நுழைய இடமில்லை. வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், காதுக்கு இதமாகவும் இருக்கும். அம்மா மட்டுமே வளர்க்கும் வீட்டில் அம்மாவின் பெயர் ஒன்றே போதும்.

அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டுமே தவிர, பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்து முதலிலேயே சரியாகப் பதியுங்கள். சாதியைப் பெயரில் போடாவிட்டால் இடஒதுக்கீடு போய்விடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ்தான் ஆவணம், பெயர் அல்ல.

பெயரில் சாதி போனால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பார்கள். ஒழியாது. ஒழியவில்லை என்பதற்கு நம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கட்டிய வண்ணக் கயிறுகளே சாட்சி. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவரை அவர் வீட்டிலேயே புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. பள்ளிகளின் பெயரிலிருந்தும் சாதியை நீக்கச் சொன்னது. பெயரிலிருந்து இறங்கிய சாதி மணிக்கட்டில் ஏறிக்கொண்டது என்றால், நம் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். அதற்காக இறங்கியதை மறுபடியும் பெயரில் ஏற்றி வைப்பதா?

தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தன் சாதி தெரியாது. அதற்கு அம்மாவின் குரல் தெரியும், அப்பாவின் கை தெரியும். அதற்குத் தெரிந்த அந்த இருவரின் பெயரை மட்டும் அதன் பெயரோடு எழுதுங்கள்.