விளம்பரமும் மனச்சாட்சியும்



சித்தூரிலும் திருப்பதியிலுமுள்ள நம் சபையாரின் பிள்ளைகள் பலர் பெங்களூரு, சென்னைக் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். ஒருபாலினத் திருமணத்துக்காகக் கம்பெனிகள் பேசலாமா என்று பெற்றோராகிய நீங்கள் கேட்கிறீர்கள். விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தேவன் நியமித்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமெரிக்காவில் 2015 இல் 379 நிறுவனங்களும் அமைப்புகளும் அதற்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுத்தன. நம் உச்ச நீதிமன்றமோ 2023 அக்டோபர் 17 அன்று அதைப் பாராளுமன்றத்தின் பொறுப்பில் விட்டது. நம் கம்பெனிகளின் துணிவும் வேறு. 2021 அக்டோபரில் டாபர், இரு பெண்கள் தம்பதியராகக் கர்வா சௌத் நோன்பிருப்பதாக விளம்பரம் வெளியிட்டது. மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தவுடனே அதை நீக்கி மன்னிப்பும் கேட்டது. முகப்பூச்சு விற்கிறவர்களின் கொள்கை அவ்வளவுதான்!

அதற்காகக் களிகூருகிறவர்களே, சற்று நில்லுங்கள். விளம்பரம் தவறென்பது வேறு. மந்திரியின் மிரட்டலால் ஒரு வாய் அடைபடுவது வேறு. திருமலையின் அடிவாரத்தில் சிறுபான்மையினராய் ஜெபவீடு நடத்துகிற நாம் அந்த மிரட்டலின் தொனியை அறியாதவர்களா?

கம்பெனி வானவில் சின்னம் அணியச் சொன்னால் உங்கள் பிள்ளை பணிவோடு மறுக்கட்டும். அதை அணிந்திருக்கும் சக ஊழியரோடு அமர்ந்து மதிய உணவு உண்ண மட்டும் மறுக்க வேண்டாம்.